முன்னால் யார், பின்னால் யார்?

அன்றைக்குச் சைக்கிள் அத்தனை லேசாக ஓடியது. அதில்தான் கோளாறு.

ஒரு சனிக்கிழமைக் காலை. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரிகள் இன்னும் வர ஆரம்பிக்காத நேரம். என் சைக்கிளில் முன்னால் ஒரு குட்டி சீட், பின்னால் கேரியர் மேல் இன்னொரு சீட். முன் சீட்டில் பத்துக் கிலோ அரிசி மூட்டை. பின் சீட்டில் பதினைந்து கிலோ அரிசி மூட்டை. முன் மூட்டைக்கு என் மகன் கவினின் குல்லாவைப் போட்டிருந்தேன். பின் மூட்டைக்கு மகள் யாழினியின் மஞ்சள் மழைக்கோட்டு.

கவினுக்கு ஒன்றரை வயது, எடை பத்துக் கிலோ. யாழினிக்கு நாலரை வயது, எடை பதினைந்து. வீட்டில் இருந்த இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைப் பிரித்து, எடை மெஷினில் வைத்து, பிள்ளைகளின் எடைக்குச் சரியாக இரண்டு சாக்குகளில் நிரப்பிக் கட்டியிருந்தேன். பிள்ளைகளை ஏற்றும் முன் அரிசியை ஏற்றிப் பார்ப்பதுதானே முறை? எங்கள் கம்பெனியில் ஒரு வால்வை வெளியே அனுப்பும் முன் அதற்குள் தண்ணீரை அழுத்தி ஒழுகுகிறதா என்று பார்ப்போம். அந்தப் புத்தி எனக்கு.

சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு கிளம்பும்போது வண்டி குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. கோயில் தெரு திரும்பும்போது கொஞ்சம் நேரானது. குளத்தங்கரை வரை போய்த் திரும்பியபோது ஒரு கையை எடுத்துவிட்டே ஓட்டலாம் போல இருந்தது. பழகிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஆட்டோவை முந்தினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் அடுக்ககத்து கேட்டில் காலை ஊன்றியபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யம்மா செல்வி! நில்லும்மா! ஊரு முழுக்க அரிசிய கொட்டிக்கினு போறியே, இன்னா எதுனா வேண்டுதலா?"

திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் மழைக்கோட்டு வெறுமையாகத் தொங்கியது. தெருவின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, கண்ணுக்கு எட்டிய வரை வளைந்து வளைந்து போனது. அதன் மேல் காக்கைகளும் நாலு கோழிகளும் வரிசையாகக் காலை உணவை முடித்துக்கொண்டிருந்தன.

கேட்டில் நின்ற வாட்ச்மேன் சிரித்தார். மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை

நான் ஏன் அரிசி மூட்டைகளுக்குச் சட்டை போட்டு ஊர்வலம் விட்டேன் என்பதைச் சொல்லாவிட்டால் நீங்களும் வாட்ச்மேன் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். கவின் பிறந்ததும் நின்றுவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து மேனேஜரே போன் செய்தார். பழைய இடம் காலியாகிறது, வர முடியுமா என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார்.

"பத்து நாள் டைம். அடுத்த திங்கள் விட்டு அதுக்கு அடுத்த திங்கள், காலைல எட்டேகாலுக்கு மெயின் ரோட்டுல கம்பெனி வேன்ல இருக்கணும். முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க மேடம், வேற ஆளப் போட்டுக்கறோம். தப்பா நினைக்காதீங்க."

முடியும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எப்படி என்பதை அதற்கப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தி மிஸ்ஸின் வீடு கோயிலுக்குப் பின்னால், பழைய ஊருக்குள், சந்துக்குள் சந்து. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து மெயின் ரோடு இன்னொரு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ உள்ளே வராது. மிஸ் வைத்திருக்கும் வேன் ஒன்பது மணிக்குத்தான் வரும், அதிலும் மூன்று வயதுக்குக் கீழே ஏற்ற மாட்டார்கள். என் கணவர் சரவணனின் ஆபீஸ் ஊரின் மறுகோடியில். ஆறு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஸ்கூட்டி ஓட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். நான் ஸ்கூட்டி கற்றுக்கொண்ட கதையைச் சில வாரங்களுக்கு முன்பு இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். பிரேக் பிடிப்பதாக நினைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, ஒரு தையல் கடைக்குள் போய், ரவிக்கைகளுக்கு நடுவில் நின்றேன். அந்தத் தையல்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் கடைக்குள் ஒரு எட்டுப் பின்வாங்குகிறார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் ஏற மாட்டேன்.

ஆனால் சைக்கிள் என்னுடையது. ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் தினம் பதினொரு கிலோமீட்டர் மிதித்தவள். சைக்கிள் மேல் உட்கார்ந்தால் எனக்குப் பயம் தெரியாது. அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சைக்கிள்ல ரெண்டையும் எப்படி வச்சுப்பே?" என்றார் சரவணன்.

"வச்சுப்பேங்க."

"அதான் எப்படி?"

அந்த "எப்படி"க்குத்தான் பத்து நாள் போதவில்லை.

பரிமளா அக்காவின் தீர்ப்புகள்

கோயில் தெரு முனையில் சைக்கிள் கடையும் கேன் தண்ணீர் வியாபாரமும் சேர்த்து நடத்துகிறவர் பரிமளா அக்கா. இந்த ஊர்க்காரர். இவர்களுடைய வயல் இருந்த இடத்தில்தான் எங்கள் அடுக்ககம் நிற்கிறது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்பேனரால் நட்டை முறுக்கும்போது அவர் சொல்லும் எதையும் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

முதல் நாள் போனேன்.

"இதுல இன்னா கீது? சின்னத முன்னாடி குந்த வை. பெருச பின்னாடி குந்த வை. ஓட்டிக்கினே போ."

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சீட் வாங்கப் போனேன்.

"முன்னாடி வைக்காத. ஹேண்டில் பாரு ஆடும். ரெண்டையும் பின்னாடியே குந்த வை. ஒன்ன ஒன்னு புச்சிக்கும்."

"நேத்து முன்னாடின்னு சொன்னீங்களேக்கா?"

"நேத்து உன் வண்டிய நான் பாக்கலியே."

மூன்றாம் நாள், ரெண்டையும் பின்னால் வைத்தால் சின்னவன் பெரியவளைக் கடித்து வைப்பான் என்றார். நான்காம் நாள், எனக்கு எதற்குச் சைக்கிள், அவருடைய கேன் வண்டியையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அதே உறுதி, அதே குரல். சொன்னது மட்டும் வேறு. எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழு இன்னொரு பக்கம். அங்கே மதுரை, கோவை, நெல்லை எல்லாம் இருக்கிறது. எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. துப்பட்டாவால் கவினை முதுகில் கட்டிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். கட்டிப் பார்த்தேன். என் ஜடையை இரண்டு கையாலும் பிடித்து, மாடு ஓட்டுகிறவன் மாதிரி இழுத்தான். ரிஜெக்ட். சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கூடாரம் போன்ற ஒரு வண்டியின் படத்தை இன்னொருவர் போட்டார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் உயரம் என் முழங்கால் அளவு. எங்கள் தெருவில் வரும் தண்ணீர் லாரிக்காரருக்கு நானே தெரிய மாட்டேன், அது எங்கே தெரியப்போகிறது? ரிஜெக்ட்.

எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. காலையிலிருந்து மாலை வரை அளவு பார்க்கும் வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ், ரிஜெக்ட் என்று பிரித்துப் போட்டவள். ஒரு வால்வைப் பார்த்து முப்பது நொடியில் முடிவு சொல்வேன். என் சொந்தப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று ஏழு நாளாகத் தெரியவில்லை.

முப்பத்தோரு அங்குலம்

மூன்றாம் மாடி கணேசன் சார் நெல்லைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஒரு மாலை லிப்ட் பக்கத்தில் நிறுத்தி போனைக் காட்டினார்.

"இதப் பாத்தியளா? வெளிநாட்டுல எல்லாரும் பிள்ளையள இப்படித்தான் கொண்டு போறாவ."

ஏதோ ஒரு குளிர் ஊரில், முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த ஒரு சைக்கிள். பெட்டிக்குள் மூன்று குழந்தைகள் கையுறை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஓட்டும் அம்மா உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். எனக்கு ஏக்கமாக இருந்தது. அதைப் பரிமளா அக்காவிடம் காட்டினேன்.

போனைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கடையே அதிரச் சிரித்தார்.

"அட, இது நம்ம மீன்பாடி வண்டிம்மா! முன்னாடி பொட்டி, பின்னாடி பெடல். இத பாக்க பிளேன் ஏறணுமா? என் புள்ளைங்க ரெண்டும் கேனுக்கு நடுவுல குந்திக்கினே வளந்துச்சிங்க. பெருசு இப்ப கபடிக்குப் போவுது."

உண்மையிலேயே அவருடைய கேன் வண்டி அதுதான். கேன்களை இறக்கிவிட்டு அந்த மூன்று சக்கர வண்டியை எனக்குக் கொடுத்தார். பெட்டிக்குள் ஒரு பழைய மெத்தையைப் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். இரண்டும் கைதட்டின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் யார், பின்னால் யார் என்ற பேச்சே இல்லை. இரண்டு முகமும் என் கண் முன்னால்.

சுகந்தி மிஸ்ஸின் சந்து வரைக்கும் போனோம். அங்கே ஒரு பக்கம் கரண்டுக் கம்பம், மறுபக்கம் ஒரு வீட்டின் சுவர். நடுவில் வண்டி நின்றுவிட்டது. மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சந்து முப்பத்தோரு அங்குலம். வண்டி முப்பத்தெட்டு. ஏழு அங்குலத்தில் என் வேலை போய்விடும் போல இருந்தது.

"வண்டிய முனையிலயே உட்டுட்டு தூக்கிக்கினு போயேன்," என்றார் அக்கா.

அங்கே விட்டால் யார் திருப்பிக் கொண்டுவருவது? அவருக்கு எட்டரை மணிக்குத் தண்ணீர் போட வண்டி வேண்டும். நான் எட்டேகாலுக்கு மெயின் ரோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கனமான வண்டியை அவ்வளவு வேகமாக என்னால் மிதிக்கவும் முடியவில்லை. திரும்பவும் சைக்கிளுக்கே வந்து சேர்ந்தேன். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். இரண்டையும் பரிமளா அக்காவே பூட்டிக் கொடுத்தார்.

அப்பாவின் முதுகு

இனிமேல்தான் உண்மையான குழப்பம். சீட் இரண்டு, பிள்ளை இரண்டு. எதில் யார்?

இதைச் சாதாரணக் கேள்வி என்று சரவணன் சொன்னார். "வெயிட்டான ஆள் பின்னாடி. இதுல யோசிக்க என்ன இருக்கு?" அவர் வீட்டில் ஒரே பிள்ளை. அவருக்குத் தெரியாது.

கரூரில் என் அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் எங்கள் இருவரையும் பள்ளியில் விடுவார். தம்பி முன்னால் பார் மேல். நான் பின்னால் கேரியரில். தம்பிக்கு பெல் கிடைத்தது. எதிரே வரும் பஸ், பாலம், ஆற்று மணல், குரங்காட்டி எல்லாம் அவனுக்கு. அப்பா குனிந்து அவன் காதில் ஏதோ சொல்லுவார், அவன் சிரிப்பான். எனக்குக் கிடைத்தது ஒரு காக்கிச் சட்டையின் முதுகு. அதில் வியர்வை வாசமும் பெயின்ட் வாசமும் அடிக்கும்.

அந்தச் சட்டையின் முதுகில் எப்போதும் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். வாராவாரம் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு அம்மா கத்துவாள். "முன்னாடியெல்லாம் சுத்தமா இருக்குது, முதுகுல மட்டும் எங்கிருந்துதான் எண்ணெய் ஏறுதோ!" பட்டறை எண்ணெய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒன்பது வருஷம் அந்த முதுகையே பார்த்தேன். அதனால் எனக்கு ஒரு வைராக்கியம். என் மகள் பின்னால் உட்காரக் கூடாது. மூத்த பிள்ளை என்றால் பின்னால்தான் என்று எவன் எழுதி வைத்தான்?

ஆகவே முதலில் பதினைந்து கிலோ மூட்டையை முன்னால் வைத்தேன். எங்கள் பார்க்கிங்கில் பத்தடி போயிருப்பேன். ஹேண்டில் பார் தானாக இடது பக்கம் திரும்பியது. நான், சைக்கிள், அரிசி மூன்றும் கணேசன் சாரின் கார் அருகில் விழுந்தோம். முழங்கையில் தோல் போனது. எழுந்து மறுபடி முயன்றேன். மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவை வாட்ச்மேன் வந்து மூட்டையை இறக்கிவிட்டார்.

கவினைப் பின்னால் வைக்கவும் வழியில்லை. வண்டி ஆடினால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவான், தலை எந்தப் பக்கம் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது.

அன்று அப்பாவுக்கு போன் செய்தேன். யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது.

"ஏம்ப்பா, என்னைய எதுக்குப் பின்னாடியே வச்சே?"

"தம்பி சின்னப் பையன் கண்ணு. கீழ விழுந்துட்டான்னா?"

"நான் விழுந்தா பரவாயில்லையா? நான் விழுந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அப்பா சொன்னார். "பின்னாடி இருக்கற புள்ளயப் பத்தி என்ன கவலை கண்ணு? அது முதுகுக்கே தெரியும்."

முதுகுக்கு என்ன கண்ணா இருக்கிறது? எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

கிழிந்த மூலை

அந்த எரிச்சலோடுதான் சனிக்கிழமை, சின்ன மூட்டையை முன்னாலும் பெரிய மூட்டையைப் பின்னாலும் வைத்துக் கிளம்பியது. கேட்டில் வந்து நின்றபோது பெரிய மூட்டையில் அரிசி கால்வாசிகூட மிச்சமில்லை.

பரிமளா அக்கா கேன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சாக்கின் அடிப்பக்கம் இடது மூலை சீட்டை விட்டுச் சரிந்து சக்கரத்தின் மேல் தொங்கியிருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பிகள் அதைக் கவ்வி, சுற்றச் சுற்ற அரைத்துக் கிழித்திருக்கின்றன. மூலை இருந்த இடத்தில் நார் நாராகத் தொங்கியது.

"இங்க இன்னா வரும் தெர்தா?" என்றார் அக்கா, மெதுவாக.

தெரிந்தது. யாழினி அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் அவளுடைய இடது குதிகால் அந்த மூலையில்தான் வரும்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். கிழிந்தது கூட இல்லை, எனக்குத் தெரியாமல் போனதுதான் கொடுமை. என் பின்னால் ஒன்றரை கிலோமீட்டர் தூரம் ஒரு பிள்ளையின் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நானோ எனக்கு ஓட்ட வந்துவிட்டது என்று பூரித்து ஆட்டோவை முந்தியிருக்கிறேன்.

"என்னால முடியாதுக்கா. மேனேஜருக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

"அரிசி கத்துமா?" என்றார் பரிமளா அக்கா.

"என்னது?"

"அரிசி கத்தாதும்மா. அதான் உனக்குத் தெர்ல. புள்ள கத்தும். எழுந்திரு, வண்டிய எட்து கடையாண்ட வா."

பத்து நாளில் அவர் சொன்னதிலேயே மறுநாள் மாற்றிச் சொல்லாத பேச்சு அது ஒன்றுதான். கடையில் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் சேலை மாட்டாமல் இருக்கப் போடும் கம்பி வலையைப் பூட்டினார். அதன் மேல் பழைய டியூபை அறுத்து வரிந்து கட்டினார். கால் வைக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை. இனி சக்கரத்துக்குள் விரல்கூடப் போகாது. வீட்டிலிருந்த என் வெர்னியரை எடுத்து வந்து அளந்தேன். மறுபடியும் அளந்தேன்.

கண்ணுக்குத் தெரியாத பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை யாழினியிடம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு முன் சீட்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் பெல் இருக்கிறது.

"பாப்பா, தம்பி முன்னாடி உக்காரட்டும். நீ பின்னாடி உக்காந்துக்கறியா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பின்னாடி உக்காந்தா நான் உனக்குத் தெரிவேனா?"

"தெரிய மாட்டே."

"அப்புறம் நான் இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

என்னையே என் மகள் வடிவத்தில் யாரோ கொண்டுவந்து எதிரே நிறுத்தியது போல இருந்தது. நான் யோசித்து ஒன்று சொன்னேன். வழியில் என்னவெல்லாம் பார்க்கிறாளோ அதையெல்லாம் அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சத்தம் கேட்டால் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நிறுத்தவே கூடாது.

"நிறுத்தினா?"

"நிறுத்தக் கூடாது."

திங்கட்கிழமை

ஏழரைக்குக் கிளம்பினோம். நான் கம்பெனியின் வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தேன். யாழினிக்குத் தலையில் எண்ணெய் வழிய வாரி, முகத்தில் பவுடர் அப்பியிருந்தேன். கவின் முன் சீட்டில் ஏறியதும் பெல்லைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம் அவனுக்கு வேறு உலகம் இல்லை.

"தண்ணி லாரி!" என்றாள் யாழினி பின்னாலிருந்து. "நாய்! இன்னொரு நாய்! பூக்கார ஆன்ட்டி! பரிமளா ஆன்ட்டி!"

கடை வாசலில் பரிமளா அக்கா கையைக் காட்டினார். "அப்டித்தான், நேரா போ! பின்னாடி பாக்காத!"

"கோபுரம்! காக்கா! ஐஸ் வண்டி, ஆனா ஐஸ் இல்ல!"

குளத்தங்கரை வளைவில் ஒரு மினி லாரி எதிரே வந்தது. நான் ஓரம் கட்டினேன். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. லாரி கடந்து போனது.

பின்னால் சத்தமில்லை.

நாலு மிதி மிதித்தேன். சத்தமில்லை. கவினின் பெல் மட்டும் கேட்டது.

"யாழினி?"

பதில் இல்லை.

சனிக்கிழமை அரிசி கொட்டிய அதே இடம். வெறுமையாகத் தொங்கிய மழைக்கோட்டு கண்ணுக்குள் வந்தது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன். உடம்பை வளைத்துத் திரும்பினால் முன்னால் கவினோடு வண்டி சாயும். திரும்பாமல் இருந்தால் எனக்கு உயிர் போய்விடும். இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன்.

"உஷ்!"

குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. அப்போதுதான் உறைத்தது, என் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சின்னதாக ஒரு சூடு. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ தெரியவில்லை.

"கத்தாதம்மா. எனக்குக் கேக்க மாட்டேங்குது."

"என்னடி கேக்கல?"

"உள்ள ஓடுறது. காத வச்சா டக்கு டக்குன்னு கேக்குது. நீ மிதிக்காதப்ப கூட ஓடுது."

அது வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"ஆமா பாப்பா."

"நான் பின்னாடிதான் இருக்கேன்," என்றாள்.

மிதித்தேன். அதற்கப்புறம் அவள் நாயையும் சொல்லவில்லை, லாரியையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சூடு நகராமல் அப்படியே சுகந்தி மிஸ் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. சந்தில் கரண்டுக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் சைக்கிள் சுலபமாக நுழைந்தது.

மெயின் ரோட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேன் நகரத் தொடங்கியிருந்தது. பரோட்டாக் கடை ஓரம் சைக்கிளைப் பூட்டாமலே சாத்திவிட்டு ஓடினேன். என் பழைய தோழி ஜெயந்தி கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவரைத் திட்டி நிறுத்தினாள்.

நான் எடுத்தது சரியான முடிவுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மழைக்காலத்தில் குளத்தங்கரையில் தண்ணீர் நின்றால் என்ன செய்வேன், கவின் பன்னிரண்டு கிலோ ஆனால் என்ன செய்வேன், ஒன்றும் தெரியாது. பரிமளா அக்காவைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார், மறுநாள் இன்னொன்று சொல்வார்.

சீட்டில் உட்காரப் போகும்போது ஜெயந்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏய், இன்னாடி இது முதுகுல? மொத நாளே சட்டையில எண்ணெய்க் கறை. வட்டமா, பவுடரோட."

கையைப் பின்னால் வளைத்துத் தடவிப் பார்த்தேன். பிசுபிசுவென்று இருந்தது. கரூரில் வாராவாரம் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. அப்பாவுக்குச் சாயங்காலம் போன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கம்பெனில சோப்பு இருக்குது, போனதும் தேச்சு உட்டுடு."

"வேணாம்டி," என்றேன். "நாளைக்கும் வரும்."